காலையில் சிவந்த தண்ணீர், பைப்பில் கரண்ட்: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: மூதூருக்குத் தெற்கே, கடலோரமாக உள்ள சிறிய ஊர் எங்களுடையது. சங்கம் குழாய்க்கிணற்றிலிருந்து மோட்டரில் இறைத்து, தாங்கியில் ஏற்றி, வீடுகளுக்குத் தண்ணீர் தருகிறது. காலையில் முதலில் வரும் தண்ணீர் சிவப்பாக இருக்கிறது. கச்சான் காலத்தில் (வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில்) உப்புக் கரிக்கிறது, கேத்தலில் வெள்ளையாகப் படிகிறது. சில நாளில் குளோரின் மணக்கிறது, சில நாளில் மணமே இல்லை. வளவுக் கிணற்றிலும் ஒரு மோட்டர் போட்டு அதே வீட்டுப் பைப்பில் இணைத்திருக்கிறோம். ஈரக்கையோடு குளியலறைப் பைப்பைத் திறந்தால் மெல்லச் சுள்ளென்கிறது. மகளுக்கு மூன்று மாதக் குழந்தை. கொதிக்கவைத்தால் போதுமா, ஃபில்டர் வாங்க வேண்டுமா?

பதில்: நீங்கள் கடைசியாக, போகிறபோக்கில் எழுதிய அந்தச் "சுள்"ளைத்தான் நான் முதலில் எடுப்பேன். தண்ணீர் பற்றிய மற்ற எல்லாம் நாளைவரை பொறுக்கும். இது இன்றிரவுக்குக்கூடப் பொறுக்காது. உங்கள் பைப்பில் கரண்ட் ஏறுகிறது. நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். இன்று மெல்லச் சுள்ளென்பது, ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஒருவரை நாளை பிடித்துக்கொள்ளலாம்.

கிணற்று மோட்டரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. மோட்டரின் உள்சுருளில் ஈரம் ஏறி, மின்காப்புக் கெட்டு, இரும்புக் கூட்டுக்குக் கரண்ட் கசிவதுதான் பெரும்பாலும் காரணம். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கரண்ட் மண்ணுக்குள் போய்விடும். மணல் நிலத்தில், கச்சான் மாதங்களில் எர்த் கம்பியைச் சுற்றிய மண் காய்ந்துவிடுவதால் அது வேலை செய்யாமலே போகலாம். எர்த் வயரைத் தண்ணீர்ப் பைப்பில் கட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பல வீடுகளில் அப்படிச் செய்திருப்பதைக் கண்டிருக்கிறேன். அப்போது வீட்டில் எந்தப் பொருள் பழுதானாலும் கரண்ட் நேரே குளியலறைக்கு வரும்.

பிறகு, கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சில் உள்ள சிறு "டெஸ்ட்" பொத்தானை அழுத்துங்கள். உடனே விழவேண்டும். விழாவிட்டால் அது உங்களைக் காப்பாற்றாது, மாற்றுங்கள். ஆளைக் காப்பதற்கு 30 மில்லி அம்பியர் கசிவிலேயே விழும் வகைதான் வேண்டும். மோட்டரைக் கழற்றிய பிறகும் சுள்ளென்றால் மெயினை அணைத்துவிட்டு, மின்சார சபைக்கும் அறிவித்து, அனுமதி பெற்ற மின்னியலாளரைக் கூப்பிடுங்கள். அதுவரை யாரும் அந்தப் பைப்பைத் தொடவேண்டாம்.

இனித் தண்ணீர். உங்கள் கடிதத்தில் பயப்பட்டிருப்பதெல்லாம் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரிகிறவை. அவற்றில் பெரும்பாலானவை உடம்புக்குப் பெரிய கெடுதல் செய்யாதவை. கெடுதல் செய்வது பளிங்குபோலத் தெளிந்தே வரும்.

சிவப்பு என்பது இரும்பு. ஆழத்துத் தண்ணீரில் அது கரைந்து, நிறமில்லாமல் கிடக்கிறது. காற்றுப் பட்டதும் துருவாகிச் சிவக்கிறது. இரவு முழுதும் பைப்பிலும் தாங்கியடியிலும் தங்கியது காலையில் முதலில் வருகிறது. கொய்யா இலையைக் கசக்கி அந்தத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், இரும்பு இருந்தால் கருநீலமாக மாறும். உங்கள் பிளேன்ரீ கறுத்துப்போவதும் இதனால்தான். இலங்கைத் தர நிர்ணயத்தில் இரும்புக்கு லீற்றருக்கு 0.3 மில்லிகிராம்தான் எல்லை. அது ருசியையும் கறையையும் பார்த்து வைத்த எல்லை. முதல் வாளியைச் செடிக்கு ஊற்றுங்கள். குடிக்க எடுப்பதை உயரத்திலிருந்து ஊற்றி, காற்றுப் படவிட்டு, மூடி ஒரு இரவு தெளியவைத்தால் துரு அடியில் படியும். சங்கம் தாங்கியை மாதக்கணக்காகக் கழுவாமல் விட்டிருந்தால் அதையும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கேத்தலில் படிவது சுண்ணாம்பு. ஹீட்டரைக் கெடுக்கும், சவர்க்காரம் நுரைக்காது, அவ்வளவுதான். சிறுநீரகம் கெட்டுவிடுமோ என்று, பதவி சிறிபுரப் பக்கத்தில் பலருக்கு வந்த சிறுநீரக நோய் பற்றிய செய்திகளைக் கேட்டுப் பலர் என்னிடம் பயந்து வருகிறார்கள். அந்த நோயின் காரணத்தை ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரேயடியாக முடிவு செய்யவில்லை. கேத்தலின் வெள்ளையைப் பார்த்து அதைத் தீர்மானிக்க முடியாது.

உப்புக்குக் காரணம் வேறு. கடலோர மணலுக்கடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. கணக்குப்படி மேலே நல்ல நீர் ஒரு அடி இறங்கினால், கீழே உப்பு நீர் 40 அடி வரை ஏறிவரலாம். 2004 கடற்கோளுக்குப் பின் கிழக்குக் கரையில் கிணறுகளைச் சுத்தம் செய்கிறோம் என்று விடாமல் இறைத்தபோது இதுதான் நடந்தது. இறைக்க இறைக்க உப்பு கூடியது. ஆகவே கச்சானில் பெரிய மோட்டரைப் பல மணி நேரம் ஓட்டாதீர்கள். கொஞ்சம் இறைத்து, ஊறவிட்டு, மறுபடி இறையுங்கள். ஊரே இப்படிச் செய்தால்தான் பலன் தெரியும்.

என் உண்மையான கவலை, குளோரின் மணக்காத நாட்கள். குளோரின் மணத்தை வெறுக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பைப்புவரை காவல் வந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பைப்பில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்கவேண்டும். மூக்கை நம்பாமல் அளந்து பார்க்கும் சிறு நிறச்சோதனைப் பெட்டி உண்டு. சங்கத்திடம் அது இருக்கிறதா, தினமும் குறித்துவைக்கிறார்களா என்று கேளுங்கள். தண்ணீர் நின்று மறுபடி வரும் வேளைதான் மிக ஆபத்தானது. அழுத்தம் இல்லாத பைப்பு, உடைந்த மூட்டு வழியே சுற்றியுள்ள சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். லைனில் நேரடியாக மோட்டர் பூட்டி உறிஞ்சுகிறவர்கள் அயல்வீட்டுக் குழந்தைக்கும் இதைத்தான் செய்கிறார்கள்.

நீங்களும் ஒன்றை உடனே மாற்றவேண்டும். கிணற்றுப் பைப்பும் சங்கத்துப் பைப்பும் சேர்ந்திருந்தால், உங்கள் கிணற்று நீர் ஊர் லைனுக்குள் போகலாம். இரண்டையும் பிரித்துவிடுங்கள், இடையில் வால்வு வைப்பது மட்டும் போதாது. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் மணல் நிலத்தில் 30 மீற்றராவது இடைவெளி வேண்டும். நம் சிறிய வளவுகளில் அது கிடைப்பதில்லை. உங்கள் குழி நெருக்கமென்றால், அயலவர் குழியையும் சேர்த்து அளந்து பார்த்து, அந்தக் கிணற்றைக் குளிக்கவும் கழுவவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கொதிக்கவைத்தல் கிருமிக்குப் போதும். குமிழி பொங்கி ஒரு நிமிடம் கொதிக்கட்டும், பின் அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடுங்கள். உப்பையும் நைத்திரேற்றையும் அது போக்காது, நீர் வற்றுவதால் சற்றுக் கூட்டவும் செய்யும். பசளையிலிருந்தும் குழியிலிருந்தும் வரும் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கமுடியாமல் உடம்பு நீலம்பாரிக்கலாம். உங்கள் பேரப்பிள்ளைக்குத் தாய்ப்பால் போதும், ஆறு மாதம்வரை வெறும் தண்ணீர்கூட வேண்டாம். மாப்பால் கொடுக்க நேர்ந்தால், பரிசோதித்த தண்ணீரில் மட்டும் கரையுங்கள்.

ஃபில்டரைப் பரிசோதனைக்குப் பிறகே வாங்குங்கள். உப்போ நைத்திரேற்றோ கூடவென்றால்தான், கரைந்திருப்பதையும் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. கருவி தேவைப்படும். கிருமி மட்டுமென்றால் கொதிக்கவைத்த தண்ணீர் போதும், அந்தப் பணம் மிச்சம். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) சொல்லுங்கள். கிருமிச் சோதனைக்குக் கிருமிநீக்கிய போத்தலில் எடுத்து, ஐஸில் வைத்து, அன்றே ஆய்வுகூடத்துக்குச் சேர்க்கவேண்டும். பழைய சோடாப் போத்தலில் கொண்டுபோனால் போத்தலின் அழுக்கைத்தான் சோதிப்பார்கள்.

தண்ணீர் வராத நாளுக்கென்று பரலில் பிடித்துவைப்பீர்கள். 2017இல் கிண்ணியாவை டெங்கு உலுக்கியதை நாம் மறக்கக்கூடாது. அந்த நுளம்பு முட்டையைப் பரலின் உட்சுவரில் ஒட்டிவைக்கும், அது காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. கிழமைக்கொருமுறை உட்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவி, வலையோ மூடியோ இறுக்கமாகப் போடுங்கள். பேரப்பிள்ளை தவழத் தொடங்கினால் குளியலறையில் பாதி வாளித் தண்ணீர்கூடத் திறந்து இருக்கக்கூடாது.

மோட்டர் பிளக்கை இப்போதே கழற்றுங்கள். நாளை காலை சங்கத்துக்கும் பி.எச்.ஐ.க்கும் போகும்போது, எந்தெந்த நாளில் மணம் இல்லை, எப்போது தண்ணீர் நின்றது என்று திகதி போட்டு ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.