சிங்கப்பூரில் உல்லாசக் கப்பல் ஏற எத்தனை மணிக்குத் துறைமுகம் போக வேண்டும்? – கேள்வி பதில்

பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து கப்பலேறப் போகும் குடும்பத்தினர் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன். சிங்கப்பூரில் வசிப்பவன் என்பதால், ஊரிலிருந்து வரும் உறவினர்களோடு பலமுறை மெரினா பே முனையத்திலிருந்து பயணம் செய்திருக்கிறேன்.

திருச்சி வாசகர்: ஐயா, எங்கள் கப்பல் மாலை 5 மணிக்குப் புறப்படுகிறது. 4 மணிக்குத் துறைமுகம் சென்றால் போதுமா?

போதாது. 5 மணி என்பது கயிற்றை அவிழ்த்துக் கப்பல் கரையை விட்டு நகரும் நேரம். பயணிகளின் பதிவை (செக்-இன்) அதற்கு 60 முதல் 90 நிமிடங்களுக்கு முன்பே முடித்துவிடுவார்கள். உங்கள் நிறுவனத்தின் கணக்கு எது என்பது பயணச்சீட்டிலேயே இருக்கும். ஏறியவர்களின் இறுதிப் பட்டியல் அதிகாரிகளிடம் போக வேண்டும் என்பது ஒரு காரணம், பாதுகாப்பு ஒத்திகை மற்றொன்று. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று மாலைதான் ஏறியிருந்த நூற்றுக்கணக்கானோருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அப்போதைய விதி. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும் என்று சர்வதேச விதி மாற்றப்பட்டது. ஆகவே 5 மணிக் கப்பலுக்கு நீங்கள் 12.30 முதல் 2 மணிக்குள் முனையத்தில் இருப்பதே சரி.

கோவை வாசகி: அப்படியானால் காலை 9 மணிக்கே வந்து முதல் ஆட்களாக ஏறிக்கொள்ளலாமா?

வரலாம், ஆனால் ஏற முடியாது. நீங்கள் ஏறப்போகும் கப்பல் அன்று விடியற்காலையில்தான் முந்தைய பயணிகளோடு வந்து சேர்ந்திருக்கும். குவாண்டம் ஆஃப் தி சீஸ் போன்ற கப்பலில் அறைக்கு இருவர் என்று கணக்கிட்டாலே 4,180 பேர். அத்தனை பேரும் பெட்டிகளோடு இறங்கி, அறைகள் சுத்தமாகி, பல நாள் உணவுப்பொருள் ஏறிய பிறகுதான் உங்கள் முறை வரும். பெரும்பாலும் 11 மணிக்கு மேல்தான் ஏற்றத் தொடங்குவார்கள். 9 மணிக்கு வந்தால், வெளியேறும் கூட்டத்துக்கு எதிரே குழந்தைகளோடு நின்றுகொண்டிருக்க நேரும்.

இணையத்தில் இந்தப் பதிவை (செக்-இன்) முன்கூட்டியே முடிக்கும்போது, வருகை நேரம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அதை அலட்சியம் செய்யாதீர்கள், அந்த நேரத்தை ஒட்டியே வாருங்கள். முதல் நேரத்தை எடுத்தால் மதிய உணவைக் கப்பலிலேயே சாப்பிடலாம். ஆனால் அறை தயாராக 1 மணியோ அதற்கு மேலோ ஆகும் என்பதால், அதுவரை கைப்பையோடு சுற்ற வேண்டியிருக்கும். வயதானவர்கள் உடன் வந்தால் நான் 1 மணியை ஒட்டிய நேரத்தைத்தான் எடுப்பேன்.

சென்னை வாசகர்: இரவு விமானத்தில் ஏறினால் காலை 7 மணிக்குள் சிங்கப்பூர் வந்துவிடுவோம். அன்றே கப்பலேறினால் ஒரு நாள் ஹோட்டல் செலவு மிச்சமாகுமே?

கணக்குச் சரிதான். சென்னையிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் நேரம் மீதமிருக்கும். ஆனாலும் முந்தைய நாளே வந்துவிடுங்கள் என்றுதான் எப்போதும் வற்புறுத்துகிறேன். காரணம், என் அத்தை மகன் குடும்பத்துக்கு நேர்ந்தது.

காலை 11 மணிக்கு இறங்க வேண்டிய அவர்களுடைய விமானம் தொழில்நுட்பக் கோளாறால் தாமதமாகி 2.40-க்குத்தான் இறங்கியது. குடிநுழைவுச் சோதனை, பெட்டிகளுக்கான காத்திருப்பு, டாக்சி எல்லாம் சேர்ந்து முனையத்தை அடையும்போது மணி 4.05. கப்பல் 5 மணிக்கு, பதிவோ 3.30-க்கே முடிந்துவிட்டது. கண்ணாடிக்கு அப்பால் கப்பல் முழுசாகத் தெரிந்தது, மேல்தளத்தில் பாட்டுச் சத்தம்கூடக் கேட்டது. பையன் விமானத்திலிருந்தே கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்த நீச்சல் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. நான் போய் அழைத்து வரும்வரை அந்தத் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கட்டிய பணத்தில் ஒரு ரூபாய் திரும்பவில்லை. அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கும் அனுமதி கிடைக்கவில்லை. ஏறும் துறைமுகத்தை மாற்ற நிறுவனம் முன்கூட்டியே சம்மதித்திருக்க வேண்டும். ஒரு இரவு ஹோட்டல் வாடகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அன்றே வருவதைத் தவிர வழியில்லை என்றால், காலைக்குள் இறங்கும் விமானமாக எடுங்கள். பயணக் காப்பீட்டில், விமானத் தாமதத்தால் கப்பலைத் தவறவிட்டால் இழப்பீடு உண்டா என்பதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

ஜொகூர் பாரு வாசகர்: எந்த முனையம் என்று தெரியாமல் குழம்புகிறோம்.

இந்தக் குழப்பத்தாலும் பலர் நேரத்தை இழக்கிறார்கள். 2012-இல் திறக்கப்பட்ட மெரினா பே உல்லாசக் கப்பல் முனையம் ஒன்று. விவோசிட்டி கடைத்தொகுதியை ஒட்டி ஹார்பர்ஃபிரண்டில் இருக்கும் பழைய சிங்கப்பூர் குரூஸ் சென்டர் மற்றொன்று. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் மெரினா பேயில்தான் நிற்கும் என்றாலும், உங்கள் பயணச்சீட்டில் இருப்பதையே நம்புங்கள். டாக்சி ஓட்டுநரிடம் வெறுமனே ‘மெரினா பே’ என்று சொன்னால் வேறெங்காவது இறக்கிவிட வாய்ப்புண்டு. ‘மெரினா பே குரூஸ் சென்டர்’ என்று முழுப் பெயரையும் சொல்லுங்கள். ரயிலில் வருவதானால், வடக்கு தெற்குத் தடத்தின் கடைசி நிலையமான மெரினா சவுத் பியரில் இறங்கினால் சில நிமிட நடைதான். அதே பெயரில் அருகே இருக்கும் படகுத்துறை, கூசு தீவுக்கும் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கும் படகு போகும் இடம். அங்கே வரிசையில் நின்றுவிடாதீர்கள். ஃபார்முலா 1 பந்தயம் நடக்கும் நாட்களில் மெரினா பே சுற்றுவட்டாரச் சாலைகளை மூடுவதால், அப்போது ரயிலே நல்லது.

மதுரை வாசகி: ஆவணங்களால் தாமதம் ஆகுமா?

அதனால்தான் வரிசையில் பலர் ஓரமாக நிறுத்தப்படுகிறார்கள். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சிங்கப்பூர் விசா தேவை; கப்பல் திரும்பி வரும்போது மீண்டும் நாட்டுக்குள் நுழைவதால், பலமுறை நுழையும் விசாவா என்று பாருங்கள். சிங்கப்பூர் குடிநுழைவுக்கான எஸ்ஜி வருகை அட்டையை, வந்து சேரும் முன்பே, வரும் நாளையும் சேர்த்துக் கடைசி மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கப்பலில் திரும்புவதும் ஒரு வருகையே என்பதால், அதற்குத் தனியாக இன்னொரு அட்டை வேண்டும். இது முழுக்க இலவசம். கட்டணம் கேட்கும் தளம் எதுவும் அரசாங்கத் தளம் அல்ல.

சேலம் வாசகர்: பெட்டிகளை என்ன செய்வது?

வாசலிலேயே போர்ட்டர்களிடம் கொடுத்துவிடலாம், மாலைக்குள் அறை வாசலுக்கு வந்துவிடும். கடவுச்சீட்டும் மாத்திரைகளும் குழந்தைகளின் மாற்றுடையும் கைப்பையிலேயே இருக்கட்டும். என் மாமியார் ஒருமுறை பேரனுக்குக் கஞ்சி வைக்கலாம் என்று சேலைகளுக்கு நடுவே சின்ன ரைஸ் குக்கர் ஒன்றைச் சுற்றி வைத்திருந்தார். ஸ்கேனில் அது தெரிந்ததும் பெட்டியை நிறுத்திவிட்டார்கள். இரவு 8 மணிக்கு நாங்களே போய்த் திறந்து காட்டி, குக்கரை ஒப்படைத்துவிட்டுப் பெட்டியை மீட்க வேண்டியிருந்தது. கெட்டில், இஸ்திரிப்பெட்டி போன்றவற்றுக்கும் தீ விபத்து அச்சத்தால் அனுமதி இல்லை.

தஞ்சாவூர் வாசகர்: மலேசியாவின் போர்ட் கிளாங்கில் இறங்கிப் பத்துமலை முருகனைத் தரிசித்துவிட்டுத் திரும்ப நேரம் இருக்குமா?

கப்பல் நாள் முழுவதும் நின்றால் முடியும். துறைமுகத்திலிருந்து போக்குவரத்தைப் பொறுத்து ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். 272 படிகளை நிதானமாக ஏறி இறங்கவும் நேரம் ஒதுக்குங்கள். ‘அனைவரும் கப்பலில் இருக்க வேண்டிய நேரம்’ என்று அறிவிக்கப்பட்டதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே துறைமுகத்துக்குள் வந்துவிடுவது போல் வாடகைக் கார் ஓட்டுநரோடு பேசிக்கொள்ளுங்கள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் சென்றால், அந்தப் பேருந்து தாமதித்தாலும் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். தனியாகச் சென்றவர்களுக்காகக் காத்திருக்காது.

பினாங்குக்கும் போர்ட் கிளாங்குக்கும் சிங்கப்பூர் நேரமே. தாய்லாந்தின் புக்கெட்டில் மட்டும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். கைப்பேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடுவதால், இறங்கும் முன் கப்பலின் கடிகாரத்தைப் பார்த்து, அந்த நேரத்தையே கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.