லாக் சுனார்ட் கரையில் வாடகை வீடு: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

ஸ்காட்லாந்தின் மேற்கே லாக் சுனார்ட் ஓரத்தில் வீடு எடுத்து, நாமே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு ஒரு வாரம் இருப்பது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஆறு முறை போய் வந்தவள் என்ற தைரியத்தில் பதில் சொல்கிறேன்.

அக்கா, லாக் என்றால் ஏரிதானே? அதென்ன கடல் லாக்?

அங்கே ஏரியும் லாக்தான், நிலத்துக்குள் நுழைந்த கடலும் லாக்தான். லாக் நெஸ் நன்னீர் ஏரி. சுனார்ட், பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் ஏறி நிற்பது. சுமார் 31 கி.மீ. நீளம், முழுக்க உப்புத் தண்ணீர். காலையில் ஜன்னலுக்குக் கீழே தளும்பிக்கொண்டிருக்கும். மதியம் பார்த்தால் கடற்பாசி போர்த்திய பாறையும் சேறும்தான். "படத்தில் இருந்த தண்ணீர் எங்கே?" என்று வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஆறு மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும். போனதும் கடல் ஏற்ற இறக்க அட்டவணையை எடுத்துப் பாருங்கள். எப்போது சமைப்பது, எப்போது நடப்பது எல்லாம் அதை வைத்துத்தான்.

க்ளாஸ்கோவிலிருந்து காரில் வருகிறோம். அரிசி, பருப்பு எல்லாம் கொண்டுவர வேண்டுமா?

ஆமாம், மூட்டை கட்டிக்கொள்ளுங்கள். கோரன் என்ற இடத்தில் ஐந்தே நிமிட ஃபெர்ரி. முன்பதிவு கிடையாது, வரிசையில் நின்றால் போதும். பெரிய சூப்பர்மார்க்கெட் வேண்டுமென்றால் ஃபெர்ரியில் ஏறாமல், துறையைத் தாண்டி சுமார் 15 கி.மீ. ஃபோர்ட் வில்லியம் வரை போய்த் திரும்ப வேண்டும். அலுப்புப் பார்க்காமல் போய் வாருங்கள். அக்கரையில் ஸ்ட்ரான்ஷியன் ஊரில் சின்னக் கடை உண்டு, பால், ரொட்டிக்குப் போதும், கறிவேப்பிலைக்கு வாய்ப்பில்லை. ஆனால் அந்தச் சின்ன ஊரின் பெயர் உங்கள் வேதியியல் புத்தகத்திலேயே இருக்கிறது. அங்கிருந்த ஈயச் சுரங்கத்துக் கனிமத்தால்தான் ஸ்ட்ரான்ஷியம் என்ற பெயர் வந்தது.

தாளிக்கலாமா? வாசனைக்கு ஏதாவது சொல்வார்களா?

வாசனையை விடுங்கள், புகை அலாரத்தைக் கவனியுங்கள். 2022 பிப்ரவரியிலிருந்து ஸ்காட்லாந்து வீடுகளில் அலாரங்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும். முதல் தடவை நான் காய்ந்த மிளகாயை எண்ணெயில் போட்டுவிட்டு ஜன்னலைத் திறக்க மறந்தேன். மாடியில் தூங்கிக்கொண்டிருந்த மாமியார் கைப்பையோடு வாசலில் நின்றார். இப்போதெல்லாம் முதலில் ஜன்னல், அப்புறம்தான் கடுகு.

குழாயில் தண்ணீர் பழுப்பாக வருமாமே?

சில வீடுகளுக்கு மலை ஓடையிலிருந்து வரும். பீட் எனப்படும் கரிய சதுப்பு மண்ணில் ஊறி வருவதால் தொட்டியில் லேசான டீ நிறம் தெரியும். குடிக்கலாமா என்பதை வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கழிவுநீர் பெரும்பாலும் செப்டிக் டேங்குக்குத்தான் போகும். மீந்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டாதீர்கள்.

ஒற்றை வழிச் சாலையில் ஓட்டப் பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை, பொறுமைதான் வேண்டும். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க ஆங்காங்கே இடம் இருக்கும். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் நுழையுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேர் எதிரே நின்று அவரை விடுங்கள். போட்டோ எடுக்க அங்கே வண்டியை நிறுத்தாதீர்கள், ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும்.

மிட்ஜ் பூச்சி அவ்வளவு மோசமா?

மோசம்தான். கொசுவைவிடச் சின்னது, கூட்டமாக வரும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, காற்றில்லாத அந்தியில் வெளியே உட்கார முடியாது. மணிக்கு 10 கி.மீ. காற்று அடித்தாலே அடங்கிவிடும். அதனால் நான் ஏப்ரலில்தான் போவேன். உண்ணியும் உண்டு, புல்லில் நடந்து வந்தால் பிள்ளைகளின் கால்களைப் பாருங்கள்.

நீர்நாய் பார்த்தீர்களா? எங்கே?

நாலு முறை. எல்லோரும் ஸ்ட்ரான்ஷியனுக்கு மேற்கே கார்வ் எய்லன் மறைகுடிலுக்கு (விலங்குகளை மறைந்திருந்து பார்க்கும் குடில்) போவார்கள். சீல்கள் அங்கே நன்றாகத் தெரியும். ஆனால் நீர்நாயை நான் பார்த்தது சமையலறை ஜன்னலிலிருந்து, கையில் தேய்த்துக்கொண்டிருந்த குக்கரோடு. பாசிக்கு நடுவே முதலில் தலை, அப்புறம் முதுகு, கடைசியில் வால் நுனி மேலே வந்து முங்கியது. முங்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் குமிழி வரும். ஒரு நண்டோடு பாறையில் ஏறி, மெல்லும் சத்தம் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்து தின்றது. பிறகு பக்கத்து ஓடைக்குப் போய்க் குளித்தது. உப்பு படிந்தால் ரோமம் குளிரைத் தாங்காது, அதனால் நல்ல தண்ணீர் அதற்கு அவசியம். ஓடை கடலில் சேரும் இடத்தில் வீடு கிடைத்தால் விடாதீர்கள்.

கரையில் கிடக்கும் சிப்பியைப் பொறுக்கிச் சமைக்கலாமா?

வேண்டாம். சில பாசிகளின் நஞ்சு அதில் சேரும், கொதிக்க வைத்தாலும் போகாது. கடையில் வாங்குங்கள்.

பணம் கட்டும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

உரிம எண். 2023 அக்டோபர் 1 முதல் இத்தகைய வீடுகளுக்கு உரிமம் கட்டாயம், விளம்பரத்திலும் எண் இருக்க வேண்டும்.

டியோராம் கோட்டைக்கு நடந்தே போகலாமா அக்கா?

பக்கத்து லாக் மொய்டார்ட்டில் இருக்கிறது. கடல் வற்றியபோது மணலில் நடந்து தீவுக்குப் போகலாம். கோட்டை இடிந்த நிலையில் இருப்பதால் வெளியே நின்று பார்ப்பதோடு சரி. அட்டவணையைப் பார்த்துத்தான் நாங்களும் போனோம். பேச்சில் நேரம் போனது தெரியவில்லை, திரும்பும்போது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் வந்தோம். ஏப்ரல் தண்ணீர். கால் சுரணை திரும்ப அரை மணி ஆனது.