வழவழப்பு எதுவரை? – வாசகர் கேள்வி பதில்

ஆம்பூர்த் தோல் பளபளவென்று இருக்கிறதே, நானோ அளவிலும் அது வழவழப்பாகத்தான் இருக்குமா? (வாசகர், ஆம்பூர்)

இருக்காது. கண்ணில் படும் பளபளப்பு பெரும்பாலும் ஃபினிஷிங்கின் வேலை. பால் புரதமான கேசீன் பூச்சு அடித்து, கிளேசிங் மெஷினில் அழுத்தித் தேய்க்கும்போது மேற்படலம் சமமாகிறது. அடியில் இருப்பது தோலின் இழைப் புரதமான கொலாஜன். அதன் மூலக்கூறு சுமார் 300 நானோமீட்டர் நீளம், 1.5 நானோமீட்டர் தடிமன். பக்கத்து மூலக்கூறுகள் தள்ளித் தள்ளி நிற்பதால், இழை நெடுகிலும் ஏறத்தாழ 67 நானோமீட்டருக்கு ஒரு வரி விழுகிறது. யாரும் அடுக்கி வைப்பதில்லை. நீர்த்த அமிலத்தில் கரைத்த கொலாஜனை பிஎச் 7.4, 37 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அதே வரியோடு இழை மறுபடி உருவாகும். குரோம் பதனிட்டாலும் இந்த வரி அழியாது. தோல் சுருங்கும் வெப்பநிலைதான் 65 டிகிரிப் பக்கமிருந்து 100-ஐத் தாண்டும்.

தங்கப் படலத்தின் மேல் டோடெகேன்தயோல் ஒற்றையடுக்கு போடுகிறேன். நீர்த்துளியின் தொடுகோணம் 90-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. தங்கம் சொரசொரப்பாக இருப்பதாலா? (மாணவி, காட்பாடி)

தங்கத்தின் மேல் பழி போடாதீர்கள். (டோடெகேன்தயோல் என்பது ஒரு முனையில் கந்தகம் உள்ள கார்பன் சங்கிலி; கந்தகம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ள, ஒரு மூலக்கூறு தடிமனில் அடுக்கு படியும். தொடுகோணம் என்பது துளியின் விளிம்பு பரப்போடு செய்யும் கோணம்; நீர் ஒட்டாத பரப்பில் அது பெரிதாக இருக்கும்.) நீர் ஒட்டாத பரப்பில் சொரசொரப்பு கோணத்தைக் கூட்டவே செய்யும். நல்ல அடுக்கு 105–110 டிகிரி காட்டும். குறைந்தால் அழுக்கு, அல்லது பழைய தயோல். பாட்டில் திறந்து நாளானால் காற்றிலும் வெளிச்சத்திலும் தயோல் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும்.

50 மி.லி. தூய எத்தனாலில் 12 மைக்ரோலிட்டர் தயோல் விட்டால் 1 மில்லிமோலார் கிடைக்கும். கண்ணாடிப் பாத்திரம்தான், பிளாஸ்டிக்கில் இருந்து கசியும் பொருள் தங்கத்தில் முந்திக்கொண்டு ஒட்டும். தங்கத்தைப் பூசிய கையோடு அமிழ்த்துங்கள். வெளியில் கிடந்த துண்டு என்றால் யுவி-ஓசோனில் சுத்தம் செய்து, எத்தனாலில் ஊறவைத்த பிறகே தயோலுக்குப் போக வேண்டும். முதல் சில நிமிடங்களிலேயே பரப்பு ஏறக்குறைய மூடிவிடும். ஆனால் சங்கிலிகள் சுமார் 30 டிகிரி சாய்ந்து வரிசைக்கு வர மணிக்கணக்காகும். எனவே இரவு முழுவதும் விடுங்கள், மூடியை இறுக்கி. வேலூர் மே மாத வெக்கையில் திறந்த பீக்கரில் எத்தனால் ஆவியாகிக் குறைந்துவிடும். எடுத்ததும் எத்தனாலில் நன்றாக அலசி, நைட்ரஜனில் உலர்த்துங்கள்.

அடுக்கின் ஒழுங்கை நுண்ணோக்கியில் பார்க்கத்தான் சமமான தங்கம் வேண்டும். ஏடு ஏடாக உரியும் கனிமமான மைக்காவை டேப் ஒட்டி உரித்து, உடனே வெற்றிடத்தில் வைத்து 300 டிகிரி வரை சூடாக்கி, 100 நானோமீட்டருக்கு மேல் தங்கம் படியவிடுங்கள். தங்கம் நன்றாக ஒட்டுவதற்காகப் பூசும் குரோமியம் இடையில் கூடாது; அது இருந்தால் பிறகு உரியாது. தங்கத்தின் மேல் எபாக்சி பசை வைத்துக் கண்ணாடித் துண்டை ஒட்டுங்கள். பசை முழுதும் இறுகியபின் மைக்காவைப் பெயர்த்தால், அதைத் தொட்டிருந்த பக்கம் 0.5 நானோமீட்டருக்கும் குறைந்த சொரசொரப்போடு வெளிவரும். அதிலும் தயோல் போட்டபின் 0.24 நானோமீட்டர் ஆழத்தில், அதாவது ஓர் அணு ஆழத்தில், குழிகள் தெரியும். பயப்பட வேண்டாம், ஒட்டும்போது தங்க அணுக்கள் இடம்பெயர்வதால் வருபவை அவை.

ஒரே சாம்பிள், அணுவிசை நுண்ணோக்கியில் 1 மைக்ரான் சதுரத்தில் 0.4 நானோமீட்டர், 10 மைக்ரான் சதுரத்தில் 3 நானோமீட்டர் சொரசொரப்பு. கருவி கோளாறா? (வாசகர், ராணிப்பேட்டை)

இல்லை. பெரிய சதுரத்தில் நீண்ட அலைகளும் கணக்கில் சேரும். சதுரத்தின் அளவைச் சொல்லாத சொரசொரப்பு எண்ணுக்கு மதிப்பே கிடையாது. கருவி மேல் சந்தேகம் இருந்தால் புதிதாக உரித்த மைக்காவை அளந்து பாருங்கள், 0.1 நானோமீட்டர் அளவில் வந்தால் கருவி சரி. இன்னொன்று, இந்தக் கருவி ஒரு கூர்முனையால் பரப்பைத் தடவித்தான் அளக்கிறது; மழுங்கிய முனை குறுகிய பள்ளத்துக்குள் இறங்காது. எண் அழகாகக் குறைந்து உங்களை ஏமாற்றும்.

சூடாக்கினால் பரப்பின் மேடுபள்ளம் தானே சமமாகுமாமே? (வாசகர், ஆற்காடு)

ஆகும், சின்னவை முதலில். அணுக்கள் பரப்பின் மேல் ஊர்ந்து சமன் செய்யும்போது, மேட்டுக்கு மேடு இடைவெளி பாதியானால் வேகம் 16 மடங்கு என்று 1959-இல் இயற்பியலாளர் முல்லின்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். எனவே 10 நானோமீட்டர் இடைவெளியுள்ள மேடுகள் மறையும் நேரத்தைப் போல 10,000 மடங்கு, 100 நானோமீட்டர் இடைவெளிக்குத் தேவை. ஆழக் கீறலை அடுப்பு தீர்க்காது, பாலிஷ்தான் போட வேண்டும். கண்ணாடி மேல் 10, 20 நானோமீட்டர் தங்கம் மட்டும் இருந்தால் சூட்டை ஏற்றாதீர்கள்: சமமாவதற்குப் பதில் துளை விட்டு, முத்து முத்தாகத் திரண்டுவிடும்.