கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

கேள்வி: எனக்கு 49 வயது. திருமணமாகி 24 வருடம். பையன் பிறந்ததும் டீச்சர் வேலையை விட்டேன். கணவர் அரசு ஊழியர், கைக்கு 84 ஆயிரம் வருகிறது. ஓய்வு பெற இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. என் 30 பவுன் நகையை விற்று வாங்கிய மனையில், அவர் பெயரில்தான் வீடு. மூன்று வருடமாகப் பிரிந்திருக்கிறோம். 'பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து வாங்கலாம், ஒரே தடவையாக 15 லட்சம் தருகிறேன், அப்புறம் எதுவும் கேட்கக் கூடாது' என்கிறார். 'வாங்கிட்டு ஒதுங்கிடு' என்கிறார் என் அண்ணன். நர்சரி பள்ளியில் 9 ஆயிரம் சம்பளத்துக்குப் போகிறேன். அது தெரிந்தால் ஜீவனாம்சமே கிடைக்காது என்கிறார்கள். அவரிடம் கை நீட்டவும் கூச்சமாக இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கூச்சத்தில்தான் எத்தனையோ பெண்கள் கிடைத்த தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் வேலையை விட்டீர்கள், அவர் தொடர்ந்து போனார். இன்கிரிமென்ட், பதவி உயர்வு, சேமிப்பு என்று அவருக்கு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. வீட்டையும் பிள்ளையையும் பார்க்க நீங்கள் இருந்ததால் சேர்ந்தது. வேலையை விட்டு வீட்டில் இருந்த அந்த வருடங்களுக்கு உங்கள் பாஸ்புக்கில் வரவே கிடையாது. அந்த வரவைத்தான் இப்போது கேட்கிறீர்கள். குடும்பத்துக்காக வேலையை விட்ட பெண், வயதான பிறகு மறுபடி வேலை தேடிப் படும் பாட்டையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

9 ஆயிரம் சம்பளத்தை மறைக்காதீர்கள். மனைவி சம்பாதிக்கிறாள் என்பதற்காக மட்டும் ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஜீவனாம்ச வழக்கில் இருவருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும். அவர் மறைப்பது வெளியே வர வேண்டுமானால், உங்கள் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும்.

இனி அந்த 15 லட்சத்துக்கு வருவோம். வங்கியில் போட்டு 7 சதவீத வட்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 8,750 ரூபாய். இன்றைக்கு அதில் வீட்டு வாடகை கொடுத்து, மருந்து மாத்திரை வாங்கி, சமைத்துச் சாப்பிட முடியுமா? உங்கள் 65-வது வயதில்?

இன்னொரு பக்கம், கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று 2017-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது சட்டத்தில் எழுதிய விகிதம் இல்லை, வழக்குக்கு வழக்கு மாறும். ஆனாலும் ஒரு அளவுகோலாக வைத்துப் பார்த்தால், உங்களுக்கு மாதம் 21 ஆயிரம். அவர் ஓய்வு பெறுவதற்குள்ளேயே 12 லட்சத்து 60 ஆயிரம் ஆகிவிடுகிறது. அவர் தருகிறேன் என்கிற 15 லட்சம் உங்கள் மீதி ஆயுளுக்கும் சேர்த்து.

அதற்காக மாதாமாதம் வாங்குவதே மேல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லமாட்டேன். நீங்கள் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருகிறவர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அதன் 25-வது பிரிவுதான் நிரந்தர ஜீவனாம்சம். பெயர்தான் நிரந்தரம். சூழ்நிலை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ இருவருமே மனு போடலாம். ஓய்வு பெற்றதும் அவர் குறைக்கச் சொல்லி வருவார், எதிர்பார்த்திருங்கள். நீங்கள் மறுமணம் செய்துகொண்டால் ரத்து செய்யவும் கேட்கலாம். அவர் காலமாகிவிட்டால்? விவாகரத்தான மனைவி வாரிசு ஆகமாட்டாள், குடும்ப ஓய்வூதியமும் வராது.

இங்கேதான் அந்த வீடு முக்கியம். ஜீவனாம்சத்துக்கு உத்தரவாதமாகக் கணவரின் அசையாச் சொத்தின் மீது 'பொறுப்பு' (charge, அதாவது அந்தச் சொத்தையே பிணையாக்குவது) ஏற்படுத்தலாம் என்று அதே 25-வது பிரிவு சொல்கிறது. கேட்டால்தான் கிடைக்கும், கேட்கிறவர்கள் குறைவு. அந்தப் பொறுப்பைப் பதிவு செய்து வில்லங்கச் சான்றிதழில் ஏற்றிவிட்டால், வீட்டை வாங்க வருகிறவர் 'எனக்குத் தெரியாது' என்று தப்பிக்க முடியாது. உங்கள் வழக்கில் நான் எதையாவது விட்டுக்கொடுக்கச் சொல்வேன் என்றால், இது அதில் சேராது.

என் யோசனை இரண்டும் கலந்தது. ஒரு தொகை இப்போதே, மாதாமாதம் ஒரு தொகை, அதற்கு வீட்டின் மீது பொறுப்பு. மாதத் தொகை விலைவாசியோடு ஏறும்படி எழுதச் சொல்லுங்கள். 2025-ல் ஒரு கொல்கத்தா வழக்கில் மாதம் 50 ஆயிரம் ரூபாயும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வும் உச்ச நீதிமன்றமே கொடுத்திருக்கிறது. மொத்தமாகத்தான் தருவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், 15 லட்சம் போதாது என்று கணக்கோடு சொல்லுங்கள்.

30 பவுன் தனிக் கணக்கு. அது உங்கள் சீதனம், ஜீவனாம்சத்தில் கழிக்கக் கூடாது. ஆனால் 'இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரியில் கையெழுத்துப் போட்டால் நகையும் சேர்ந்து போய்விடும். விவாகரத்துக்குப் பிறகும் ஜீவனாம்சம் கேட்க 25-வது பிரிவு இடம் தருகிறது. ஆனால் அப்படி எழுதிக்கொடுத்த பிறகு அந்தக் கதவைத் திறப்பது பெரும்பாடு. அண்ணன் உங்கள் நிம்மதியை நினைத்துத்தான் சொல்கிறார். அவரையும் உட்காரவைத்து இந்த 8,750 கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

பரஸ்பர சம்மத மனுவில் முதல் முறை ஆஜராகிப் பொதுவாக ஆறு மாதம் கழித்து மறுபடி நிற்க வேண்டும். தீர்ப்புக்கு முன்னால் சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஒப்புக்கொண்ட மொத்தத் தொகை முழுவதும் அந்த இரண்டாவது நாளில் நீதிபதி முன்னிலையில் டிடியாக உங்கள் கைக்கு வர வேண்டும். 'மீதியை அப்புறம் தருகிறேன்' என்பதற்குத் தலையாட்டாதீர்கள்.

வக்கீல் பீஸை நினைத்துத் தயங்கினால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். அவருடைய சம்பளச் சீட்டு ஏதாவது கையில் இருந்தால் அதையும், வீட்டுப் பத்திர நகலையும், மூன்று மாத வீட்டுச் செலவை எழுதிய ஒரு தாளையும் எடுத்துப் போங்கள். நகைக்கு ரசீது இல்லாவிட்டால் கல்யாண ஆல்பத்தையாவது கொண்டுபோங்கள்.