காய்ச்சினாலும் போகாதது

கேள்வி: என் மாமியாருக்கு 62 வயது. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். மூட்டுவலிக்குச் சந்தையில் ஒருவரிடம் சூரணம் வாங்கி நான்கு மாதமாகச் சாப்பிடுகிறார். மூன்றாம் நாளே வலி பறந்துவிட்டது. ஆனால் இப்போது முகம் உப்பியிருக்கிறது, சர்க்கரையும் ஏறிவிட்டது. தினமும் நிலவேம்புக் கஷாயம் வேறு. மருந்தை நினைத்தால்தான் பயம். தண்ணீரைப் பற்றிக் கவலையில்லை, போர்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம். (ஒன்பது வயது மகனுக்குப் பல்லில் பழுப்புக் கோடுகள் உண்டு. மகளுக்கு மூன்று வயது.) என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: அன்புச் சகோதரி, முதலில் சூரணம். நாள்பட்ட மூட்டுவலியை எந்த வேரும் இலையும் மூன்றே நாளில் இப்படித் துடைத்தெடுப்பதில்லை. முகம் உப்புவதும் சர்க்கரை ஏறுவதும் சேர்ந்தால், பொடியில் ஸ்டீராய்டு (வலியையும் வீக்கத்தையும் வேகமாக அடக்கும் ஹார்மோன் வகை மருந்து) கலந்திருக்கிறதோ என்றுதான் சந்தேகப்பட வேண்டும். அதற்காகப் பொட்டலத்தைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். நான்கு மாதம் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்தால் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொண்டுவிடும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிப்போகக்கூடும். பொட்டலத்தோடு நாளைக்கே அவரை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நிலவேம்பு காய்ச்சல் நாட்களில் சில நாள் குடிப்பது வேறு, மாதக்கணக்கில் குடிப்பது வேறு. அதுவும் சர்க்கரையைக் குறைக்கும். மாத்திரையோடு சேர்ந்தால் அளவுக்கு மீறி இறங்கலாம். மாமியாருக்குச் சித்த மருந்தில்தான் நம்பிக்கை என்றால் நல்லது, அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவுக்குப் போகட்டும். எடுக்கும் எல்லா மாத்திரையையும் அங்கே காட்டட்டும்.

சரி, இனி தண்ணீர். அடைப்புக்குறிக்குள் போகிறபோக்கில் எழுதிய அந்தப் பழுப்புக் கோடுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. உங்கள் தருமபுரி, பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறையிலிருந்து ஃப்ளோரைடு என்ற உப்பு நிலத்தடி நீரில் கரைகிறது. நிறமில்லை, வாடையில்லை. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளின் பல்லில் கறை, பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுக்கம். மாமியாரின் வலிக்கே தண்ணீர் ஒரு காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள்.

காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. நீர் ஆவியாக ஆவியாக அது செறிவாகும். கஷாயத்தை யோசித்துப் பாருங்கள்: நாலு டம்ளரை ஒரு டம்ளராகச் சுண்ட வைக்கிறீர்கள். நாலு டம்ளர் தண்ணீரின் ஃப்ளோரைடு அந்த ஒரு டம்ளரில் நிற்கிறது! இத்தனை நாளும் மருந்து என்று நம்பி அதைத்தான் குடித்திருக்கிறார்.

தேற்றான்கொட்டை கலங்கலைத் தெளிய வைக்கும், செம்புக்குடம் கிருமியைக் குறைக்கும். இரண்டும் எனக்குப் பிடித்த பழக்கங்களே, ஆனால் ஃப்ளோரைடுக்கு உதவாது. மெழுகுவர்த்தி ஃபில்டரும் அப்படித்தான். ஆர்.ஓ. சுத்திகரிப்பு இயந்திரம் ஃப்ளோரைடை எடுக்கும். அதைவிடச் சுலபம், இந்தப் பிரச்சினைக்காகவே கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர். உங்கள் தெருக் குழாயில் வருவது காவிரி நீர் மட்டும்தானா, உள்ளூர்ப் போர்த் தண்ணீரும் கலக்கிறதா என்று தொட்டி இயக்குபவரிடம் கேளுங்கள். தனிக் காவிரி நீர் என்றால் குடிக்க, சமைக்க, கஷாயம் வைக்க எல்லாவற்றுக்கும் அதையே பிடித்து வையுங்கள். குளிக்க, துவைக்கப் போர் போதும்.

மகனின் பல்லில் விழுந்த கோடு தண்ணீரை மாற்றினால் மறையாது. பல் மருத்துவரிடம் காட்டுங்கள், கறையை மங்கச் செய்ய வழி உண்டு. மகளுக்கு நிலைப்பற்கள் ஈறுக்குள் இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கின்றன. எட்டு வயது வரைக்கும் அந்த வேலை நடக்கும். அதனால் போர்த் தண்ணீரைச் சோதித்து முடிவு வரும்வரைகூடக் காத்திருக்காமல் அவளுக்கு இன்றே தண்ணீரை மாற்றுங்கள்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் போர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று சோதித்துத் தருவார்கள். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்துக்கொண்டு போங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம்.