மூன்றாவது கை

கேள்வி: நாம் ஓட்டுப் போட்டு டெல்லிக்கு அனுப்பும் எம்.பி., அங்கே போய்க் கட்சிக் கொறடா சொன்னபடிதான் வாக்களிக்க வேண்டுமா? நெஞ்சில் கை வைத்து, மனசாட்சிப்படி முடிவெடுக்கக் கூடாதா?

பதில்: வைக்கலாம், கை மிச்சமிருந்தால்! பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில் மக்களவை ஓட்டெடுப்பு எப்படி நடந்தது தெரியுமா? ஒரு கையால் ஒரு ஸ்விட்சை அழுத்திப் பிடிக்க வேண்டும். மறு கையால் பச்சை, சிவப்பு, மஞ்சள் பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். ஆதரவு, எதிர்ப்பு, 'நான் இந்த வம்புக்கு வரவில்லை' என்று அர்த்தம். இரண்டாவது மணி அடிக்கும்வரை இரண்டு கையும் அங்கேயேதான். நெஞ்சுக்கு மூன்றாவது கை வேண்டும். அதற்கு அரசியல் சட்டத்தில் வழி செய்யவில்லை.

கொறடா என்ற சொல்லைக் கவனித்தீர்களா? சவுக்கு என்று அர்த்தம். ஆங்கிலத்தில் 'விப்' என்பதும் அதேதான். நரி வேட்டையில் கூட்டத்தைவிட்டு விலகி ஓடும் நாய்களை அடக்கித் திருப்பும் ஆளின் பெயரை, பிரிட்டனில் கட்சிக்காரருக்குச் சூட்டினார்கள். அப்படியானால் நாய்கள் யாரென்று நான் சொல்ல மாட்டேன், உரிமைப் பிரச்சினை வந்துவிடும். நரி யார் என்பதுதான் என் சந்தேகம். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வீடு வீடாகத் துரத்திப் பிடிக்கப்படும் பிராணி எதுவென்று யோசித்தால், கண்ணாடியைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

சவுக்குக்குப் பல் முளைத்தது 1985-இல். 1967-இல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. இரண்டே வாரத்தில் மூன்று முறை கட்சி மாறி, 'ஆயாராம் கயாராம்' என்ற தொடரை நாட்டுக்கு வழங்கினார். ராஜீவ் காந்தி ஆட்சி கட்சித் தாவல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ, போடாமல் இருந்தாலோ, கட்சி 15 நாளில் மன்னிக்காவிட்டால் பதவி போகலாம். விலை போகிறவனைப் பிடிக்க விரித்த வலையில் யோசிக்கிறவனும் மாட்டிக்கொண்டான். விலை போகிறவனோ மூன்றில் இரண்டு பங்கு ஆளோடு மொத்தமாகப் போய், 'இணைப்பு' என்கிறான். சில்லறை வியாபாரத்துக்குத்தான் தடை!

பிரிட்டனில் 2003-இல் இராக் போருக்கு எதிரான திருத்தத்துக்கு ஆளுங்கட்சி எம்.பி.க்களே 139 பேர் ஓட்டுப் போட்டார்கள். அதற்காக ஒருவர் பதவியும் பறிபோகவில்லை. இங்கே 1990-இல் தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு, ஆட்சியின் உயிர் ஊசலாடும் ஓட்டெடுப்புகளோடு இந்தத் தண்டனையை நிறுத்திக்கொள்ளச் சொன்னது. எந்தக் கட்சி கேட்கும்? சவுக்கை வைத்திருப்பவரிடமே அதைச் சுருட்டி வைக்கச் சொன்னால்?

மனசாட்சி என்றீர்களே, அதுவும் ஒரு தடவை ஜெயித்திருக்கிறது. ஜனாதிபதி தேர்தல் ரகசிய ஓட்டு; கொறடா உத்தரவு கிடையாது. 1969-இல் மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார் இந்திரா காந்தி. சொந்தக் கட்சி வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி தோற்று, வி.வி.கிரி ஜெயித்தார். அந்த வருஷமே காங்கிரஸ் இரண்டானது. மனசாட்சிப்படி நடக்கவும் மேலிடம் சொல்ல வேண்டியிருந்தது, பாருங்கள்.

'கொறடா'வுக்கு எந்த 'ர' என்று என்னோடு இரண்டு வருஷமாகக் கடிதச் சண்டை போடும் புலவர் கவனிக்க: பெரிய 'ற'தான் போட்டிருக்கிறேன். அடுத்த கடிதத்தில் சிவப்பு மையால் மூன்று கோடு வேண்டாம். கொறடா உத்தரவின் அடியில் மூன்று கோடு போட்டால் கட்டாயம் ஆஜராக வேண்டும் என்பது எம்.பி.க்களுக்கு மட்டும்தான்.