கேள்வி – பதில்: இன்றும் கணக்குப் போடும் பழைய கணினிகள்

கேள்வி: கணினி வரலாற்றுக்கென்றே உள்ள அருங்காட்சியகங்களில் பழைய இயந்திரங்களை இயக்கிக் காட்டுகிறார்களா, கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தி வைப்பதோடு சரியா?

பதில்: இரண்டு வகையும் உண்டு. இயக்கிக் காட்டுவதில் பிடிவாதமாக இருப்பது இங்கிலாந்தின் தேசியக் கணினி அருங்காட்சியகம். (அதே வளாகத்திலுள்ள, இரண்டாம் உலகப் போரில் சங்கேதச் செய்திகளை உடைத்த இடமான பிளெட்ச்லி பார்க் அருங்காட்சியகம் வேறு, நுழைவுச்சீட்டும் தனி.) அங்குள்ள 'விட்ச்' என்னும் இரண்டரை டன் இயந்திரம், 1951இல் ஹார்வெல் அணுசக்தி ஆய்வு நிலையத்தில் வேலையைத் தொடங்கி, 1957 முதல் 1973 வரை உல்வர்ஹாம்டனில் மாணவர்களுக்குக் கணினிப் பாடம் கற்பிக்கப் பயன்பட்டு, பிறகு பர்மிங்காமில் காட்சிப் பொருளாகி, கடைசியில் பிரிக்கப்பட்டுக் கிடங்கில் கிடந்தது. தன்னார்வலர்களின் உழைப்பால் 2012 நவம்பரில் மீண்டும் இயங்கியது. இயங்கும் நிலையிலுள்ள அசல் டிஜிட்டல் கணினிகளில் இதுவே மிகப் பழையது.

வாயு நிரப்பிய கண்ணாடிக் குழல் ஒவ்வொன்றும் ஓர் இலக்கத்தை ஆரஞ்சு நிற ஒளிப்புள்ளியாகத் தாங்கி நிற்பதால், எண் மாற மாற அந்தப் புள்ளி வட்டத்தில் நகர்வதை நாம் நேரில் காணலாம். இரண்டு எண்களைப் பெருக்க 5 முதல் 10 வினாடிகள் ஆகும். ஹார்வெலில் ஒருவர் மேசைக் கணக்குப் பொறியோடு அருகில் அமர்ந்து இதனுடன் போட்டியிட்டார். அரை மணி நேரம் ஈடுகொடுத்தவர் களைத்து எழுந்துவிட, இயந்திரம் தன் போக்கில் தொடர்ந்தது. அன்று குறையாக இருந்த இந்த மந்தகதிதான் இன்று பார்வையாளருக்கு வசதி. இக்காலக் கணினியைத் திறந்து பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது.

அங்கேயே இயங்கும் 'கொலோசஸ்', அதாவது இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் சங்கேதச் செய்திகளை உடைக்கக் கட்டப்பட்ட கணினி, மட்டும் அசல் அன்று. போர் முடிந்ததும் பெரும்பாலான கொலோசஸ் இயந்திரங்கள் கலைக்கப்பட்டு, வரைபடங்களும் எரிக்கப்பட்டன. எஞ்சிய சில புகைப்படங்களையும், பொறியாளர்கள் விதியை மீறித் தம்மிடம் வைத்திருந்த மின்சுற்றுப் படங்களையும் கொண்டு, டோனி சேல் தலைமையிலான குழு 1993 முதல் அதை மறுபடி கட்டியெழுப்பியது. மறுஆக்கம் என்பதை அருங்காட்சியகம் மறைப்பதில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

கேள்வி: வீடியோ கேம்களுக்கும் இத்தகைய இடம் உண்டா?

பதில்: உண்டு. பெர்லினின் கணினி விளையாட்டு அருங்காட்சியகம் 1997இல் தொடங்கியது. 2011 முதல் கார்ல் மார்க்ஸ் சாலையில் இருக்கிறது. கிழக்கு ஜெர்மனி 1980களில் தயாரித்த 'பாலிபிளே' என்னும், காசு போட்டு விளையாடும் ஆர்கேட் இயந்திரம் அங்கு உள்ளது. அதிலுள்ள ஒரு விளையாட்டு ஏறக்குறைய பேக்-மேன்தான். பேய்கள் துரத்துவதற்குப் பதில் முயலை ஓநாய்கள் துரத்தும்.